பெரிய அட்வென்ச்சர் பைக்: ஜிஎஸ், ஆஃப்ரிக்கா ட்வின், மல்டிஸ்ட்ராடா, டைகர் – யாருக்கு எது?

தார் ரோட்டுக்கும் மண் பாதைக்கும் சேர்த்து, நீண்ட தூரம் போகச் செய்த பெரிய அட்வென்ச்சர் பைக் வைத்திருப்பவரிடம் "வண்டி எப்படி இருக்கு?" என்று கேட்டுப் பயனில்லை. இருபது லட்சத்தைக் கொட்டிக் கொடுத்தவர் வேறென்ன சொல்வார், "சூப்பர்" என்றுதான் சொல்வார். நான் கேட்பது வேறு கேள்வி: எந்த நாளில் இதை வெளியே எடுக்க மனசு வராது? இதற்கு வரும் பதில்தான் வாங்கப் போகிறவருக்கு உதவும். மல்டிஸ்ட்ராடா வைத்திருக்கும் டுகாட்டிக்காரர் மே மாதத்துச் சென்னையைச் சொல்வார். ஜிஎஸ்காரர் ஆள் துணையில்லாமல் போகவேண்டிய மண் பாதையைச் சொல்வார். டைகர் ராலி வைத்திருப்பவர், நம்மூர் சராசரி உயரம் என்றால், சிக்னலில் கால் ஊன்றுவதைச் சொல்வார். ஆஃப்ரிக்கா ட்வின்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டு, வேகமான கூட்டத்தோடு நாள் முழுக்க ஹைவேயில் ஓட்டும் நாளைச் சொல்வார். நாலு பேரும் பொய் சொல்லவில்லை. அவர்கள் சொல்லும் அந்த நாள் உங்களுக்கு வருஷத்தில் எத்தனை முறை வரும் என்று பார்த்தாலே பாதி முடிவு ஆகிவிடும்.

எண்களைச் சுருக்கமாகச் சொல்லி முடித்துவிடுகிறேன். பிஎம்டபிள்யூ ஆர் 1300 ஜிஎஸ்: 1300 சிசி பாக்ஸர் எஞ்சின், 145 ஹெச்பி, பெட்ரோலோடு 237 கிலோ. ஹோண்டா ஆஃப்ரிக்கா ட்வின்: 1084 சிசி, இரண்டு சிலிண்டர், நூறு ஹெச்பியும் சொச்சமும். டுகாட்டி மல்டிஸ்ட்ராடா வி4: 1158 சிசி, நான்கு சிலிண்டர், 170 ஹெச்பி. ட்ரயம்ஃப் டைகர் 1200: 1160 சிசி, மூன்று சிலிண்டர், 150 ஹெச்பி. இதோடு இன்னொரு எண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான்குவழி நெடுஞ்சாலையில் இருசக்கர வாகனத்துக்கு மத்திய அரசு 2018-ல் நிர்ணயித்த உச்ச வேகம் மணிக்கு 80 கிமீ. பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலையின் பிரதான பாதையில் 2023 ஆகஸ்டிலிருந்து பைக்குக்கு அனுமதியே இல்லை. அப்புறம் 100-க்கும் 170-க்கும் உள்ள வித்தியாசத்தை எங்கே போய்க் காட்டுவது? டீக்கடையில்தான்.

எஞ்சின் பெரிதாக இருப்பதால் உண்மையில் லாபம் கிடைக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, பின்னால் ஆளும் மூன்று பெட்டி நிறையச் சாமானும் வைத்துக்கொண்டு கியர் மாற்றாமலே லாரியைத் தாண்டுவது. இன்னொன்று, உயரம். லடாக்கின் கர்துங் லா கணவாய் மாதிரி 17,500 அடிக்கு மேல் போனால் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான், எஞ்சினின் பலமும் கிட்டத்தட்ட அந்த அளவுக்கு இறங்கிவிடும். 40 ஹெச்பி வண்டி அங்கே இருவரைச் சுமந்து ஏறும்போது முதல் கியரில் முக்கும். 145 ஹெச்பி வண்டிக்குப் பாதி போனாலும் கையில் எழுபது மிஞ்சும். லடாக்கோ ஸ்பிதியோ ஜோடியாகப் போகும் திட்டம் இருக்கிறவர் இந்தக் கணக்கைத் தாராளமாகப் போடலாம். மற்றவர்கள் தங்களைத் தாங்களே ஏமாற்றிக்கொள்ள வேண்டாம்.

ஆனால் ரைடர்களை உட்காரவைத்துப் பேசவிட்டால் அதிகம் வருவது ஹெச்பி இல்லை, எடை. அதுவும் ஓடும்போது இருக்கிற எடை இல்லை. 40 கிமீ வேகம் தொட்டுவிட்டால் இந்த வண்டிகள் எல்லாமே ஆச்சரியமாக இலேசாகிவிடும், அகலமான ஹேண்டில்பார் பாதி வேலையைச் செய்துவிடும். வம்பு தொடங்குவது நிற்கும்போது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒன்றில் மேலேயிருந்து பஸ் இறங்குகிறது, நீங்கள் உள்பக்கம் சாய்வான இடத்தில் நிற்கவேண்டி வருகிறது, கீழே சரளை, பின்னால் ஆள். அந்த நேரத்தில் 850 மிமீ உயரச் சீட்டிலிருந்து கால் போய்த் தரையைத் தொடும்போது வண்டி ஏற்கெனவே நாலு விரல் சாய்ந்திருந்தால் அவ்வளவுதான், அதற்குப் பிறகு யாராலும் பிடிக்க முடியாது, பிடிக்க முயன்றால் முதுகு போகும், விட்டுவிடுவதே நல்லது. விழுந்தால் வண்டியைக் காக்கும் கம்பியான கிராஷ் கார்டு எதற்கு இருக்கிறது?

விழுந்த வண்டியைத் தூக்குவது முறை தெரிந்தால் முடிகிற காரியம். ஹேண்டில்பாரை முழுக்கத் திருப்பி வைத்து, கியரில் போட்டு, வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தி, சீட்டின் விளிம்பில் இடுப்பை முட்டுக்கொடுத்து, காலால் தள்ளிப் பின்னோக்கி நடக்க வேண்டும். வலது பக்கம் விழுந்திருந்தால் தூக்குவதற்கு முன்பே சைடு ஸ்டாண்டை விரித்து வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நிமிர்ந்த வேகத்தில் இடது பக்கம் சாயும். ஒரு தடவை தூக்கலாம், இரண்டாவது தடவையும் தூக்கலாம். மதிய வெயிலில், ஜாக்கெட்டும் பூட்ஸும் போட்டுக்கொண்டு, மூன்றாவது தடவை என்றால் யாருடைய உடம்பும் ஒத்துழைக்காது. ஆர் 1300 ஜிஎஸ் அட்வென்ச்சர் என்ற 30 லிட்டர் டேங்க் வடிவம் 269 கிலோ. பெட்டிகளை நிரப்பினால் 300-ஐத் தாண்டும். படத்தில் பார்க்கக் கம்பீரமாகத்தான் இருக்கும்.

சரி, வண்டி வண்டியாகப் பார்க்கலாம்.

ஜிஎஸ் 1980-ல் ஆர்80 ஜி/எஸ் என்ற பெயரில் வந்த காலத்திலிருந்தே இந்த வகுப்புக்கு அதுதான் அளவுகோல். மறு வருஷமே யூபெர் ஓரியோல் அதன் பாக்ஸர் எஞ்சினை வைத்துப் பாரிஸ்–டக்கார் பாலைவன ராலி போட்டியை ஜெயித்தார். இரண்டு சிலிண்டரும் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் இந்த அமைப்பைப் பார்த்துச் சிரித்தவர்கள் நிறையப் பேர், ஓட்டியபின் சிரித்தவர்கள் குறைவு. எஞ்சினின் கனம் தாழ்வாக இருப்பதால் நடக்கிற வேகத்தில்கூட வண்டி நிதானமாக நிற்கும். சிலிண்டர்கள் காற்றில் இருப்பதால் சூடு தொடைக்கு வராது. வண்டி சாய்ந்தாலும் சிலிண்டரின் காவல் கம்பி தரையில் முட்டி நிற்கும், முழுக்கப் படுக்காது, கால் அடியில் மாட்டும் ஆபத்தும் குறைவு. சாதாரண ஃபோர்க்குக்குப் பதில் பிஎம்டபிள்யூ வைக்கும் முன்பக்க டெலிலிவர் சஸ்பென்ஷன் பிரேக் பிடிக்கும்போது மூக்கைக் குத்தாது. இதன் அருமை ஓட்டுகிறவரைவிடப் பின்னால் இருப்பவருக்குத்தான் தெரியும், ஒவ்வொரு பிரேக்குக்கும் ஹெல்மெட்டோடு ஹெல்மெட் இடிப்பது நின்றுபோகும். செயினுக்குப் பதில் தண்டு பின் சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்ட் டிரைவ் என்பதால் செயினுக்கு எண்ணெய் விடுகிற வேலையும் இல்லை. ராத்திரி லாட்ஜில் போய் விழும்போது, கூட வந்தவர்கள் செயின் லூப் டப்பாவைக் குலுக்கிக்கொண்டு நிற்பதைப் பார்க்கிற சந்தோஷமே தனி.

குறை? அதே டெலிலிவர்தான். முன் சக்கரத்துக்கு அடியில் என்ன நடக்கிறது என்பது கைக்கு முழுசாகச் சொல்லப்படாது என்பது பலருடைய புகார், எனக்கும் அதே எண்ணம்தான். தார் ரோட்டில் ஒன்றும் தெரியாது. ஈர மண்ணில் முன் சக்கரம் வழுக்குவது ஒரு நொடி தாமதமாகத்தான் உறைக்கும். நெருக்கமான கல் பாதையில் சிலிண்டரின் அகலமும் இடிக்கும், ஆழமான மணலில் நடுவே காலை ஊன்றித் தள்ளும்போது கணைக்கால் அதில் போய் முட்டும். இன்னொன்று, ஓரளவு நல்ல ஜிஎஸ் என்று வாங்கப் போனால் எலெக்ட்ரானிக் சஸ்பென்ஷன், நின்றால் 30 மிமீ தணிந்துகொள்ளும் வசதி என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து விலை எங்கேயோ போய் நிற்கும்.

ஆஃப்ரிக்கா ட்வினின் வம்சமும் டக்கார்தான். 1986-லிருந்து 1989 வரை நான்கு வருஷம் தொடர்ந்து ஜெயித்த ஹோண்டாவின் போட்டி வண்டி என்எக்ஸ்ஆர்750-ஐப் பார்த்துச் செய்ததுதான் 1988-ல் வந்த முதல் ஆஃப்ரிக்கா ட்வின். இப்போதிருக்கும் வண்டியில் அந்த எளிமை கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. சாதாரண முன் ஃபோர்க், 21 அங்குல முன் சக்கரம், ஒல்லியான இடுப்பு. எழுந்து நின்று ஓட்டினால் 230 கிலோ வண்டி என்பதையே மறந்துவிடலாம். பெரிய டேங்க் உள்ள அட்வென்ச்சர் ஸ்போர்ட்ஸுக்கு மட்டும் 2024 மாடலிலிருந்து முன் சக்கரத்தை 19 அங்குலம் ஆக்கி, உயரத்தையும் தணித்துவிட்டார்கள். தார் ரோட்டுக்காரர்களுக்கு நல்ல செய்தி, மண்ணுக்காக அதை வாங்க நினைத்தவர்களுக்கு ஏமாற்றம்.

இதில் பெரிய சண்டை டிசிடி பற்றியது. கிளட்ச் லீவரே இல்லாமல் தானாகக் கியர் மாறும் பெட்டி, எடை பத்துக் கிலோ கூடுதல். தாம்பரத்திலிருந்து கிண்டி வரை சாயங்காலம் ஆறு மணிக்கு ஓட்டிப் பார்த்தவர் டிசிடிக்கு எதிராகப் பேசவே மாட்டார். மலையில் யூ டர்ன் போடும்போது கிளட்சைப் பாதி பிடித்து வண்டியை நிதானிக்கப் பழகியவருக்கோ இடது கை வேலையில்லாமல் தவிக்கும், பின் பிரேக்கைக் கொண்டு அதே வேலையைச் செய்யப் பழகவேண்டும். பழகிவிடும் என்கிறார்கள், பழகுவதற்குள் விற்றவர்களும் உண்டு. என்னைக் கேட்டால், முட்டியிலோ மணிக்கட்டிலோ பிரச்சினை உள்ளவர்கள், ஐம்பதைத் தாண்டியவர்கள் டிசிடி எடுக்கலாம். மற்றவர்களுக்குச் சாதா கியரே போதும்.

மல்டிஸ்ட்ராடா வி4-ஐப் பற்றி என்ன சொல்ல! ஓட்டுவதற்கு இந்த நாலில் இதுதான் ராஜா. வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் காலை ஆறு மணிக்கு, ரோடு காலியாக இருக்கும்போது, வேறெந்த வண்டியையும் நினைக்கத் தோன்றாது. டுகாட்டி என்றாலே வால்வு சர்வீஸ் செலவு என்று பயந்த காலம் ஒன்று இருந்தது. இந்த எஞ்சினில் வால்வை ஸ்பிரிங் இல்லாமல் மூடும் பழைய டெஸ்மோ முறையை விட்டுவிட்டு ஸ்பிரிங் வால்வு வைத்து, 60,000 கிமீக்கு ஒருமுறை வால்வு இடைவெளி பார்த்தால் போதும் என்று ஆக்கிவிட்டார்கள். ரேடார் வைத்து முன்னால் போகும் வண்டிக்கு ஏற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் க்ரூஸ் கண்ட்ரோல், பைக்குகளில் முதலில் இதில்தான் வந்தது. ஆனால் நம்ம ஹைவேயில் எதிர்த் திசையில் வரும் டிராக்டரையும் குறுக்கே கிடக்கும் மாட்டையும் ரேடாரை நம்பி விடமுடியுமா? நான் என்றால் அதை அணைத்து வைத்துவிட்டு ஓட்டுவேன்.

பிரச்சினை சூடு. நான்கு சிலிண்டரில் பின்னிரண்டும் உங்கள் தொடைக்கு நேர் கீழே. வண்டி நிற்கும்போது பின்னிரண்டு சிலிண்டரும் வேலையை நிறுத்திக்கொள்ளும்படி செய்திருக்கிறார்கள், உதவுகிறதுதான். ஆனாலும் 40 டிகிரி வெயிலில் நிற்கும்போது கீழேயிருந்து வருகிற அனல், அதுவும் ஜீன்ஸ் போட்டிருந்தால், நீங்களே காலை அகட்டி வைத்துக்கொள்கிற அளவுக்கு இருக்கும். பெட்ரோலும் அதிகம். கம்பெனி சொல்லும் கணக்கே 100 கிமீக்கு 6.5 லிட்டர். 22 லிட்டர் டேங்கில் 338 கிமீ வருகிறது. மணாலி–லே வழியில் தண்டி என்ற ஊரின் பெட்ரோல் பங்க்கில் "அடுத்த பங்க் 365 கிமீ" என்று வைத்திருந்த பலகை ரைடர்களிடையே ரொம்பப் பிரசித்தம், அந்தக் கணக்குக்கு மல்டிஸ்ட்ராடா கேன் இல்லாமல் போய்ச் சேராது. ஜிஎஸ் 4.8 லிட்டர் கணக்கில், 19 லிட்டர் டேங்கில், 395 கிமீ ஓடி எப்படியோ ஒப்பேற்றும். ஆஃப்ரிக்கா ட்வின் அட்வென்ச்சர் ஸ்போர்ட்ஸ் 24.8 லிட்டரோடு கவலையில்லாமல் 500 போகும். இதெல்லாம் சோதனைக்கூட எண்கள், நம்ம பங்க்கில் வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்குக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

டைகர் 1200-க்கு ஏன் இங்கே இவ்வளவு குறைவாக ஆள் இருக்கிறது என்பது எனக்கு விளங்காத விஷயம். ஷாஃப்ட் டிரைவ் வேண்டும், பிஎம்டபிள்யூ வேண்டாம் என்பவருக்கு இதுதான் வழி. ஜிடி வகை ரோட்டுக்கு, ராலி வகை மண்ணுக்கு, பெயரில் எக்ஸ்ப்ளோரர் என்று இருந்தால் 30 லிட்டர் டேங்க். மூன்று சிலிண்டரும் சம இடைவெளியில் வெடிக்காத டி-பிளேன் கிராங்க் என்பதால், கீழ் வேகத்தில் கொஞ்சம் கரகரப்பு இருந்தது, 2024-ல் கிராங்க்கையும் பேலன்சரையும் மாற்றி அதைச் சீராக்கினார்கள். பழையது வாங்குகிறவர் இதை மனதில் வைத்துக்கொண்டு ஓட்டிப் பாருங்கள். ராலி வகையின் சீட் 875 மிமீ, ஆறடிக்குக் குறைந்தவர் அதை வாங்குவதற்கு முன் இரண்டு தடவை யோசிக்கலாம்.

கேடிஎம் 1290 சூப்பர் அட்வென்ச்சர், ஹார்லி பான் அமெரிக்கா இரண்டையும் விட்டுவிட்டேன் என்று யாராவது கோபித்துக்கொள்வார்கள். பான் அமெரிக்காவில் வால்வு சரிபார்க்கும் வேலையே கிடையாது, ஹைட்ராலிக் முறை. நின்றால் தானாகத் தணிகிற சஸ்பென்ஷனை இந்த வகுப்புக்குக் கொண்டுவந்ததும் அதுதான். நல்ல வண்டி. கேடிஎம் ஓட்டத்தில் டுகாட்டிக்கு நெருங்கி வரும், ஆனால் 2024 நவம்பரில் ஆஸ்திரியாவில் திவால் நடவடிக்கைக்குப் போய், பிறகு பஜாஜ் பணம் போட்டுக் காப்பாற்றிய கம்பெனி. பெரிய கேடிஎம்முக்குப் பார்ட்ஸ் எப்படி வரும் என்பதை உங்கள் டீலரிடம் நேராகக் கேட்டுத் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

இனி பணம். ஆர் 1300 ஜிஎஸ் 2024 ஜூனில் இங்கே வந்தபோது ஷோரூம் விலை 20.95 லட்சம். 350 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கு ஜிஎஸ்டி, செஸ்ஸோடு சேர்த்து, அப்போது 31 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் அது 40 ஆகிவிட்டது. அதே வருஷ பட்ஜெட்டில் 1600 சிசி வரை முழுதாக இறக்குமதியாகும் பைக்குகளின் சுங்க வரியை 50-லிருந்து 40-ஆகக் குறைத்தார்கள் என்பது ஆறுதல், ஒரு கையில் கொடுத்து மறு கையில் வாங்கிய கதை. இதற்கு மேல் நம்ம மாநிலத்து வாழ்நாள் வரி, இன்ஷூரன்ஸ், கிராஷ் கார்டு, பெட்டிகள். ஷோரூம் விலையோடு நாலைந்து லட்சம் சேர்த்து வைத்துக்கொள்ளாமல் போகாதீர்கள்.

அதைவிட முக்கியம் சர்வீஸ் எங்கே என்பது. சென்னை, கோவை, பெங்களூரு, கொச்சி பக்கம் இருப்பவருக்குப் பெரிதாகத் தெரியாது. தென்காசியிலோ தஞ்சாவூரிலோ இருப்பவருக்கு, எண்ணெய் மாற்ற ஒரு நாள் போய் வரவேண்டும், பிரேக் பேடு தீர்ந்தால் கூரியருக்குக் காத்திருக்க வேண்டும். 170/60 அளவு 17 அங்குலப் பின் டயரை எந்த ஊர்க் கடையிலும் எடுத்து நீட்ட மாட்டார்கள். ட்யூப்லெஸ் வீல் உள்ள வகையையே வாங்குங்கள், பஞ்சர் கிட்டும் சின்ன ஏர் பம்ப்பும் எப்போதும் வண்டியில் இருக்கட்டும். 21 அங்குல ட்யூப் சக்கரத்தைக் கழற்றிப் போடத் தெரிந்த ஆள் ரோட்டோரக் கடையில் கிடைப்பார்தான், ஆனால் ஏபிஎஸ் வளையத்தை வளைத்துவிடாமல் கழற்றுவாரா என்பதை நீங்கள்தான் பக்கத்தில் நின்று பார்க்கவேண்டும்.

இவ்வளவு படித்தபிறகு ஒருவர் கேட்கலாம், எனக்கு இது வேண்டுமா என்று. நேர்மையாகச் சொன்னால், தனியாக ஓட்டுகிறவர்களில் பாதிப் பேருக்கு வேண்டாம். சுசூகி வி-ஸ்ட்ராம் 800டிஇ 2024-ல் 10.30 லட்சத்துக்கு வந்தது, 776 சிசி, 21 அங்குல முன் சக்கரம், ரோட்டில் எந்தக் குறையும் தெரியாது, மிச்சப் பணத்தில் இமயமலைக்குப் பல தடவை போய் வரலாம். அதற்கும் கீழே, செங்கல்பட்டு–காஞ்சிபுரம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் செய்யும் ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் 450 இருக்கிறது. 40 ஹெச்பி, 196 கிலோ, 2023 நவம்பரில் வந்தபோது 2.69 லட்சத்தில் ஆரம்பம். கீழே விழுந்தால் ஒருவரே தூக்கலாம், எந்த ஊரிலும் பார்ட்ஸ் கிடைக்கும். பெரிய வண்டி வைத்திருக்கும் பலருடைய வீட்டில் இரண்டாவதாக நிற்பதும் இந்த மாதிரி ஒன்றுதான், மண் பாதைக்கு அதைத்தான் எடுக்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள்.

பெரியதுதான் வேண்டும் என்று முடிவாகிவிட்டால் என் வரிசை இது. எப்போதும் ஜோடியாக, பெட்டிகளோடு, நீண்ட தூரம் என்றால் ஜிஎஸ், அதிலும் அட்வென்ச்சர் வேண்டாம், 19 லிட்டர் போதும். தனியாக, மண்ணும் கல்லும் கலந்து என்றால் 21 அங்குலச் சக்கரம் உள்ள ஆஃப்ரிக்கா ட்வின், இங்கே கிடைக்கிற வகை எது என்று பார்த்து வாங்குங்கள், பழையது நல்ல நிலையில் கிடைத்தால் இன்னும் நல்லது. ஊட்டி, வால்பாறை, மூணாறு என்று தார் ரோட்டு மலைகள்தான் வாழ்க்கை, வெயில் காலத்தில் நகரத்துக்குள் ஓட்டத் தேவையில்லை என்றால் மல்டிஸ்ட்ராடா. ஜிஎஸ் வரிசையாக நிற்கிற இடத்தில் நானும் நிற்க மாட்டேன் என்கிற குணம் இருந்தால் டைகர் ஜிடி.

டெஸ்ட் ரைடுக்குப் போகும்போது பின்னால் உட்காரப்போகிறவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஷோரூம்காரர் ஹைவே பக்கம் அழைத்துப் போவார், வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஒரு நெருக்கடியான தெருவில் இருவரும் உட்கார்ந்து, முழு யூ டர்ன் இரண்டு பக்கமும் போட்டுப் பாருங்கள், வண்டியிலிருந்து இறங்கிச் சரிவில் பின்னோக்கித் தள்ளிப் பாருங்கள். அப்படியே சர்வீஸ் மேனேஜரிடம் போய்க் கிளட்ச் லீவரும் முன் பிரேக் பேடும் இன்று கையிருப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் வர எத்தனை நாள் ஆகும் என்று எழுதி வாங்கிக்கொண்ட பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.